ஹாமில்டன் ஆல்பத்தைப் பிள்ளைக்கு வாங்கித் தரலாமா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. பள்ளியில் அமெரிக்கப் புரட்சி பற்றிய பாடத்தின்போது டீச்சர் 'ஹாமில்டன்' நாடகத்திலிருந்து ஒன்றிரண்டு பாட்டுகள் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் அதே பாட்டுதான். பிறந்தநாளுக்கு முழு ஆல்பமும் வேண்டுமாம். ஆன்லைனில் தேடினால் பெயருக்குப் பக்கத்திலேயே 'எக்ஸ்பிளிசிட்' என்று போட்டிருக்கிறது. சரித்திர நாடகத்துக்கு எதற்கு இந்த எச்சரிக்கை? வாங்கலாமா, வேண்டாமா?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: வாங்கலாம். முதலில் நீங்கள் ஒருமுறை முழுதாகக் கேட்டுவிடுங்கள். மொத்தம் 46 பாட்டு, இரண்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. சமைத்துக்கொண்டே கேட்டு முடித்துவிடலாம்.

எச்சரிக்கை போட்டதில் தப்பில்லை. ஆங்கிலத்தில் பெரியவர்கள் பிள்ளைகள் முன்னால் சொல்லத் தயங்கும் அந்த 'எஃப்' வார்த்தை நாடகத்தில் மூன்று இடத்தில் வருகிறது. 2020 ஜூலையில் டிஸ்னி பிளஸ்ஸில் நாடகத்தின் படப்பதிவு வந்தபோது, பிஜி-13 சான்றிதழுக்காக (13 வயதுக்குக் கீழ் இருந்தால் பெற்றோர் கவனிக்கவும் என்று அர்த்தம்) அந்த மூன்றில் இரண்டைச் சத்தமில்லாமல் செய்துவிட்டார்கள். எழுதி நடித்த லின்-மானுவல் மிராண்டாவே அதை வெளிப்படையாகச் சொன்னார். ஆல்பத்தில் அந்த வெட்டு கிடையாது. அதனால் 'படத்தைத்தான் குடும்பத்தோடு பார்த்தோமே, அதே பாட்டுதானே' என்று நினைத்து வாங்கினால் இரண்டு இடத்தில் தூக்கிவாரிப் போடும். ஒரு வேடிக்கையும் உண்டு. ஹாமில்டன் அமெரிக்காவின் இரண்டாம் அதிபர் ஜான் ஆடம்ஸைத் திட்டும் ஓர் இடத்தில் வசவின் பின்பாதியை ஆல்பமே 'பீப்' போட்டு மறைக்கிறது. அது தணிக்கை இல்லை, ஜோக்.

கெட்ட வார்த்தை என்னைப் பெரிதாக உறுத்தவில்லை. நியூ ஜெர்சியில் ஆறாம் வகுப்பு படிக்கிற பிள்ளை பள்ளிப் பேருந்திலேயே அதைக் கேட்டிருக்கும். நீங்கள் தயாராக இருக்க வேண்டியது கதைக்கு. அமெரிக்காவின் முதல் நிதி அமைச்சரான ஹாமில்டன் ஒரு திருமணமான பெண்ணோடு உறவு வைத்துக்கொள்கிறார், அவள் கணவன் பணம் பறிக்கிறான், கடைசியில் 1797இல் அவரே எல்லாவற்றையும் அச்சடித்து ஊருக்குச் சொல்கிறார். நடந்த சரித்திரம் இது. அப்புறம் 1801இல் மகன் துப்பாக்கிச் சண்டையில் சாகிறான், 1804இல் அப்பாவும் அப்படியே. என் அனுபவத்தில் பெரியவர்களே மகன் சாகும் இடத்தில்தான் மூக்கை உறிஞ்சுவார்கள். இது எதைப் பற்றியும் 'எக்ஸ்பிளிசிட்' என்ற ஒற்றைச் சொல் உங்களுக்குச் சொல்லாது. நாடகக்காரர்கள் தரும் வயதுப் பரிந்துரை 10க்கு மேல் என்பது. உங்கள் மகளுக்கு 11. எனக்கு அது சரியாகவே படுகிறது.

இந்த முத்திரை வந்த கதையைத் தெரிந்துகொண்டால் அதை எவ்வளவு நம்பலாம் என்பது புரியும். டிப்பர் கோர் என்ற அம்மா (பின்னால் துணை அதிபரான ஆல் கோரின் மனைவி) தன் மகளுக்காக பாப் பாடகர் பிரின்ஸின் 'பர்ப்பிள் ரெயின்' ஆல்பத்தை வாங்கினார். அதில் ஒரு பாட்டைக் கேட்டுத் திடுக்கிட்டு, வாஷிங்டனில் வேறு சில பெண்களோடு சேர்ந்து, ஆல்பங்களுக்கு எச்சரிக்கை கேட்டு 1985இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அந்த செப்டம்பரில் செனட் குழுவின் விசாரணையே நடந்தது. ஃபிராங்க் ஸாப்பா, டீ ஸ்னைடர், ஜான் டென்வர் என்ற மூன்று பாடகர்களும் போய்ச் சாட்சி சொன்னார்கள். நாட்டுப்புற மென்குரல் டென்வர் தங்கள் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். தன்னுடைய மலைப்பாட்டு ஒன்றையே போதைப் பாட்டு என்று தப்பாக எண்ணிச் சில வானொலிகள் ஒதுக்கியதை அவர் எடுத்துச் சொன்னார். அந்த வருஷக் கடைசியில் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் எச்சரிக்கை போடச் சம்மதித்தது. இன்று நாம் பார்க்கும் கருப்பு வெள்ளைக் கட்டம் 1990இல் வந்தது.

இதில் வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது: யாரும் ஆல்பத்தைக் கேட்டு மதிப்பெண் போடுவதில்லை. சினிமாவுக்கு இருப்பதுபோலத் தணிக்கைக் குழு இசைக்குக் கிடையாது. முத்திரை வேண்டுமா என்று முடிவு செய்வது ஆல்பத்தை வெளியிடும் கம்பெனியும் கலைஞருமே. வயது வரம்பும் அதில் இல்லை. ஆறு வயதுக்கும் பதினாறு வயதுக்கும் ஒரே கட்டம்தான். முத்திரை இருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று நம்பலாம். இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். 1968இல் வந்த 'ஹேர்' என்ற நாடக ஆல்பத்தில் பாலுறவைப் பற்றியும் கஞ்சாவைப் பற்றியும் தனித்தனிப் பாட்டுகளே உண்டு. அடுத்த வருஷம் அது அமெரிக்க ஆல்பம் பட்டியலில் 13 வாரம் முதலிடத்தில் இருந்தது. முத்திரை என்ற யோசனையே அப்போது யாருக்கும் வரவில்லை.

என் பக்கத்தைக் கேட்டால், ராப் ஆல்பத்துக்கு ஒட்டுகிற முத்திரையை நாடக ஆல்பத்துக்கும் ஒட்டத்தான் வேண்டும். 'இது கலை, அது வெறும் கூச்சல்' என்று பிரித்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஹாமில்டனே பாதி ராப்தானே! ஆனால் நாடக ஆல்பத்தில் அந்த முத்திரையின் உபயோகம் இன்னும் கம்மி. பாடுவது ஒரு பாத்திரம். கொலைகாரன் கொலைகாரனாகத்தான் பாடுவான். ஸ்டீஃபன் சோந்தைமின் 'ஸ்வீனி டாட்' 1979 ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சவரக்காரர் வாடிக்கையாளர்களின் கழுத்தை அறுக்கிறார், கீழ்த்தளத்தில் கறி அடைத்த 'பை' என்ற பண்டம் சுடுகிறார்கள், அந்தக் கறி எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தான் வளர்க்கும் பெண் மேலேயே ஆசைப்படும் நீதிபதி தன்னைத்தானே சவுக்கால் அடித்துக்கொண்டு பாடும் ஒரு பாட்டும் உண்டு. அதை பிராட்வே (நியூயார்க்கின் நாடக வட்டாரம்) மேடையில் வெட்டிவிட்டார்கள், ஆல்பத்தில் மட்டும் சேர்த்தார்கள். தியேட்டரில் பார்த்தவருக்குக் கிடைக்காத பாட்டு, வீட்டில் இசைத்தட்டைச் சுழற்றியவருக்குக் கிடைத்தது. கெட்ட வார்த்தைக் கணக்கு வைத்துப் பார்த்தால் அந்தப் பாட்டில் ஒன்றும் இல்லை.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? வரிகளைப் பார்த்துத்தான். எச்சரிக்கையை எதிர்த்த ஸாப்பாவே அந்த விசாரணையில், பாட்டு வரிகளை ஆல்பத்தோடு அச்சடித்துக் கொடுப்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். நாடக ஆல்பம் வாங்குகிறவர்களுக்கு இதில் அதிர்ஷ்டம். முழு வரிகளும் அச்சடித்த குட்டிப் புத்தகம் பல சிடிகளோடு வருகிறது. ஹாமில்டனில் ஆரம்பம் முதல் கடைசி வரை பாட்டுதான், வசனம் அநேகமாக இல்லை. மேடையில் இருந்து ஆல்பத்தில் சேராதது ஒரே ஒரு சின்னக் காட்சி. வரிகளைப் படித்தால் நாடகத்தையே படித்த மாதிரி. நெட்டில் மிராண்டாவின் சொந்தக் குறிப்புகளோடும் வரிகள் கிடைக்கின்றன.

இன்னொரு வழி அதிகம் பேருக்குத் தெரியாது. பள்ளிகளுக்கும் குழுக்களுக்கும் நாடக உரிமம் கொடுக்கும் மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் என்ற நிறுவனத்தின் தளத்தில், அவர்களிடம் உள்ள ஒவ்வொரு நாடகத்துக்கும் சினிமா மாதிரியே ஜி (எல்லோருக்கும்) தொடங்கி பிஜி, பிஜி-13, ஆர் (பெரியவர்களுக்கு) வரை தரம் போட்டிருப்பார்கள். கதைச் சுருக்கமும் இருக்கும். ஹாமில்டன் அங்கே கிடைக்காது, ஆனால் பழைய பெயர்கள் நிறையக் கிடைக்கும். ஆல்பம் கம்பெனி சொல்லாததை இது சொல்லிவிடும்.

கேள்வி: என் தம்பி மகனுக்கு 14 வயது. தன் கைக்காசில் 'ஸ்பிரிங் அவேக்கனிங்' என்ற நாடக சிடியை வாங்கி வந்திருக்கிறான். பின்னட்டையில் பாட்டுத் தலைப்புகளைப் படித்து என் தம்பி மனைவிக்கு மயக்கமே வந்துவிட்டது. கடைக்காரர் வயது கேட்காமல் விற்றது சட்டப்படி குற்றம் இல்லையா?
– வாசகர், டாலஸ்

பதில்: இல்லை. சிகரெட்டுக்கும் மதுவுக்கும் இருப்பதுபோன்ற சட்டம் இதற்கு அமெரிக்காவில் இல்லை. முத்திரை தொழில்காரர்கள் தாங்களாக ஏற்றுக்கொண்ட ஏற்பாடு. சில கடைகள் சொந்தமாக விதி வைத்திருக்கலாம். வால்மார்ட் முத்திரை போட்ட சிடிகளையே அடுக்காமல் பேர் வாங்கியது. ஆனால் விதி வைக்காத கடை மேல் நீங்கள் வழக்குப் போட முடியாது. பிரித்த சிடியைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுக்கவும் எடுக்காது. கெட்டுப்போயிருந்தால் அதே சிடியை மாற்றித் தருவார்கள், அவ்வளவுதான்.

தம்பி மனைவிக்கு ஒரு தகவல். அந்த நாடகத்தின் மூலம் ஃபிராங்க் வெடேகிண்ட் என்ற ஜெர்மன்காரர் 1891இல் எழுதியது. விவரம் தெரியாத பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் ஒன்றும் சொல்லித் தராததால் என்னவெல்லாம் நடக்கிறது என்பதுதான் அதன் கதை. கர்ப்பம், கருக்கலைப்பில் ஒரு சாவு, ஒரு தற்கொலை எல்லாம் வரும். சிடியைப் பிடுங்கி வைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவனோடு உட்கார்ந்து யாராவது ஒருவர் கேளுங்கள். தம்பியாக இருந்தால் மயக்க ஆபத்து குறைவு.

கேள்வி: 'அவென்யூ கியூ' என்று பொம்மைகள் நடிக்கும் நாடகம் ஒன்று டோனி என்ற அமெரிக்க நாடக விருதெல்லாம் வாங்கியிருக்கிறதாம். என் பையனுக்கு ஆறு வயது, செசமி ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் டிவி பொம்மை நிகழ்ச்சி என்றால் உயிர். பாட்டு சிடி வாங்கலாமா?
– வாசகர், சான் ஹோசே

பதில்: வேண்டவே வேண்டாம். பொம்மைகள் செசமி ஸ்ட்ரீட் மாதிரி இருப்பதுதான் அந்த நாடகத்தின் கிண்டலே. கல்லூரி முடித்து வேலை கிடைக்காத பொம்மைகள் குடிக்கும், படுக்கையில் புரளும். இணையம் எதற்காக இருக்கிறது என்று விளக்கும் பாட்டு ஒன்று உண்டு. பள்ளிகளுக்கான பதிப்பில் அதை எடுத்துவிட்டு வேறு பாட்டே போட்டிருக்கிறார்கள். 2004இல் 'விக்கெட்' என்ற இன்னொரு நாடகத்தைத் தோற்கடித்துச் சிறந்த இசைநாடக விருது வாங்கியது உண்மை. உங்களுக்காக வாங்கிக்கொள்ளுங்கள், ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

கேள்வி: சிடியெல்லாம் யார் வாங்குகிறார்கள்? ஸ்பாட்டிஃபையில் 'எக்ஸ்பிளிசிட்' வேண்டாம் என்று செட்டிங்ஸில் அணைத்துவிட்டால் தீர்ந்ததே?
– வாசகி, சியாட்டில்

பதில்: பாதி தீரும். ஸ்ட்ரீமிங்கில் முத்திரை ஆல்பத்துக்கு மொத்தமாக இல்லாமல், பாட்டுக்குப் பாட்டு 'இ' என்ற எழுத்தாக இருக்கும். அணைத்துவிட்டால் அந்தப் பாட்டுகள் மட்டும் ஓடாது. சினிமாப் பாட்டில் இது பிரச்சினை இல்லை. ஹாமில்டனில் யார்க்டவுன் போர் பற்றிய பாட்டே போய்விடும். புரட்சியில் யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமல் பிள்ளை இரண்டாம் பாதிக்குப் போகும். சரித்திரப் பாடத்துக்காகக் கேட்கிற பிள்ளைக்கு இதைவிட மோசமான வெட்டு இருக்க முடியாது. சில ஆல்பங்களுக்கு வசவுகளை நீக்கிய 'கிளீன்' பதிப்பு தனியாக இருக்கும், அது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

'இ' எழுத்தைப் போடுவதும் பாட்டை ஏற்றும் கம்பெனிதான் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே பாட்டின் வேறு வேறு பதிவுகளில் ஒன்றுக்கு இருந்து இன்னொன்றுக்கு இல்லாமலும் போகலாம். அணைப்பதென்றால் ஒழுங்காக அணையுங்கள். ஸ்பாட்டிஃபை ஃபேமிலி பிளானில், பிளானை நடத்துகிறவரின் கணக்கிலிருந்து பிள்ளையின் கணக்குக்கு அணைத்தால் பிள்ளையால் அதை மாற்ற முடியாது. ஐபோனில் ஸ்கிரீன் டைமுக்குள் போய் இசைக்கு 'கிளீன்' வைத்து, பாஸ்கோடு போடுங்கள். பிள்ளையின் பிறந்த வருஷத்தைப் பாஸ்கோடாக வைக்காதீர்கள்.