பழைய வண்டி, ஏற்காடு மலை, டர்போ: சில கேள்விகள்

லீவு நெருங்கினாலே வருகிற கேள்விதான்: "ஏற்காடு ஏறும்போது வண்டி இழுக்கவில்லை, டர்போ போய்விட்டதா?" டர்போ என்றால், வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் விசிறி. இந்த முறை வந்த கேள்விகளில் ஐந்து.

குவாலிஸ் டீசல் வைத்திருக்கிறேன். பத்தாவது வளைவுக்கு மேல் மூச்சு வாங்குகிறது. டர்போவை எப்படிச் சோதிப்பது? (சூரமங்கலம்)

சோதிக்க வேண்டாம், அந்த வண்டிக்கு டர்போவே கிடையாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்குச் சோர்ந்துதான் போகும். ஏர் ஃபில்டரை மட்டும் பாருங்கள்.

2011 ஸ்விஃப்ட் டீசல். ஊருக்குள் பரவாயில்லை, மலையில் இழுவை இல்லை, பின்னால் கறுப்புப் புகை. டர்போவை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். (அஸ்தம்பட்டி)

கொஞ்சம் பொறுங்கள். கறுப்புப் புகை என்றால் டீசல் போகிறது, அதை எரிக்கப் போதுமான காற்று போகவில்லை என்று அர்த்தம். டர்போ அமுக்கி அனுப்பும் காற்று வழியிலேயே கசிந்தாலும் இதே கதைதான்.

எனக்கே நடந்திருக்கிறது. ஏழாவது வளைவில் 'தொப்' என்று ஒரு சத்தம். அதோடு வண்டி மாட்டு வண்டி ஆகிவிட்டது. கீழே இறக்கிக் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைக்கூடச் சரியாகத் திறக்காமல் புது டர்போவுக்கு விலை சொன்னார்கள். மறுநாள் நானே குனிந்து பார்த்தால், இன்டர்கூலருக்கு (அமுக்கிய காற்றைக் குளிரவைக்கும் பகுதி) போகும் ரப்பர் ஹோஸ் கழன்று தொங்குகிறது. கிளிப் தளர்ந்ததுதான் காரணம். டீ, வடை செலவில் முடிந்தது.

ஹோஸ்களின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கம்தான் இருக்கும். எண்ணெய் ஈரத்தில் புழுதி அப்பியிருந்தால் காற்று கசிவது அங்கேதான். மிதிக்கும்போது மெல்லிய விசில் சத்தம் டர்போவுக்கு இயல்பு. 'உஸ்ஸ்' என்று காற்று பீறிட்டால் அது கசிவு.

இன்னொன்று. இந்த இன்ஜினில் 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே டர்போ தூங்கிக்கொண்டுதான் இருக்கும். கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்ததும் முதல் கியருக்கு இறங்காமல் இரண்டாவதிலேயே திணறவிட்டால், அது டர்போவின் குற்றமில்லை.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வாங்கியிருக்கிறேன். எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்? (ஃபேர்லேண்ட்ஸ்)

இன்டேக் மேனிஃபோல்டு பிரஷர், அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், என்று கிலோபாஸ்கலில் காட்டும். முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். அப்போது சென்சார் வெளிக்காற்றைத்தான் அளக்கிறது. சேலத்தில் 97, 98 காட்ட வேண்டும். ஏற்காடு ஏரிக்கரையில் அதே வண்டி 85-ஐ ஒட்டிக் காட்டும். இப்படி வந்தால் சென்சாரை நம்பலாம். வரவில்லையென்றால் சென்சாரைச் சரிசெய்யாமல் டர்போவைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

அப்புறம் அடிவாரம் தாண்டி, நேரான ஒரு ஏற்றத்தில் முழுதாக மிதிக்கும்போது எண்ணைப் பக்கத்தில் இருப்பவர் படிக்கட்டும். வண்டிக்கு வண்டி மாறும் என்றாலும், பல டீசல் கார்களில் 200-ஐ ஒட்டி ஏறும். 110, 120-லேயே நின்றால் கோளாறுதான்: ஹோஸ், வேஸ்ட்கேட் (டர்போ அழுத்தம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும் வால்வு), அதன் வேக்யூம் குழாய், கடைசியாக டர்போ என்ற வரிசையில் பாருங்கள். நிறுத்தி வைத்து ஆக்ஸிலரேட்டரை உறுமவிட்டுத் தீர்ப்பு சொல்பவரை நம்பாதீர்கள். சுமை இல்லாமல் அழுத்தம் பெரிதாக எழாது.

மலை இறங்கிவந்து மறுபடி மிதித்தால் நீலப் புகை. ஹோஸுக்குள்ளும் எண்ணெய். (அயோத்தியாப்பட்டணம்)

நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ஆனால் ஹோஸுக்குள் லேசான எண்ணெய்ப் பூச்சு சகஜம். தேங்கி நின்றால்தான் கவலை. அப்போதும் டர்போவிலிருந்து ஆயில் திரும்பி இறங்கும் குழாயை முதலில் கழற்றிப் பாருங்கள். அது கரி பிடித்து அடைத்திருந்தால் எண்ணெய்க்கு வழியில்லாமல் சீல் வழியாகப் பிதுங்கும். அதைப் பார்க்காமல் புது டர்போ போட்டால் அதுவும் கசியும். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் குழாய் அடைத்தாலும் அப்படித்தான்.

பழைய இன்னோவா ஒன்று விலைக்கு வருகிறது. டர்போவை நானே பார்க்க முடியுமா? (ஆத்தூர்)

முடியும். இன்ஜின் ஆறியிருக்கும்போது, ஓடாமல் இருக்கும்போது மட்டும், டர்போவுக்குள் காற்று நுழையும் குழாயைக் கழற்றுங்கள். உள்ளே சின்ன விசிறி தெரியும். நடுவில் இருக்கும் நட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் மயிரிழை அளவு ஆடும். அது இருக்கலாம், எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் பேரிங் அது. முன்னும் பின்னும் இழுத்தால் கைக்குத் தெரியும்படி ஆடக் கூடாது. இறகு நுனி சுவரில் உரசிய பளபளப்பான கீறல் இருந்தால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் விற்பவரையும் ஏற்றிக்கொண்டு மலையில் நாலைந்து வளைவு போய் வாருங்கள். நிறுத்தும்போது அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். மிதித்து ஏறிய சூட்டோடு சட்டென்று சாவியைத் திருப்பினால் ஆயில் ஓட்டம் நின்று, பேரிங்கில் இருக்கும் எண்ணெய் கருகிக் கரியாகும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பவரின் வண்டி என்றால் ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலாகக் கொடுக்கலாம்.