அறுபது பக்க விடைத்தாள்

வணக்கம் டாக்டர்,

2021-இல் எம்பிபிஎஸ் முடித்தேன். அமெரிக்காவில் டாக்டராக வேலை செய்ய எழுத வேண்டிய யூஎஸ்எம்எல்இ தேர்வில் ஸ்டெப் 1 முதல் தடவை போய்விட்டது, இரண்டாவது தடவை பாஸ். ஸ்டெப் 2-இல் நல்ல மார்க். இந்த சீசனில் அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சிக்கு (பொது மருத்துவ மேற்பயிற்சி) ஐந்து இன்டர்வியூ வந்திருக்கின்றன, எல்லாமே வீடியோவில், இந்தியாவில் இருந்தபடியே பேசப்போகிறேன். கேள்வி பதில்களை அறுபது பக்கத்துக்குத் தொகுத்து மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். ஆனால் மாக் இன்டர்வியூ எடுத்த சீனியர் அக்கா, "நீ பேசலை, ஒப்பிக்கிறே" என்கிறார். ஒப்பிக்காமல் எப்படித் தயாராவது? அந்த ஃபெயிலை எப்படிச் சொல்வது? மருத்துவமனைகளை நம் விருப்ப வரிசையில் அடுக்கித் தரும் ரேங்க் லிஸ்டில் "எங்களை எங்கே போடுவீர்கள்" என்று அவர்கள் கேட்டால் என்ன பதில்?

பெயர் வேண்டாமே, ப்ளீஸ்.

அன்புள்ள பெயர்-வேண்டாமே,

முதலில் வாழ்த்துகள். ஒரு ஃபெயிலோடு ஐந்து அழைப்பு வந்திருக்கிறது என்றால் உங்கள் விண்ணப்பத்தை யாரோ பொறுமையாக வாசித்திருக்கிறார்கள். அதை இப்போதைக்கு ஒரு ஓரமாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

உங்கள் சீனியர் சொன்னது சரி. நான் சில வருடங்களாகத் திரையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவன். ஒப்பிப்பவர்களைக் கண்டுபிடிக்கப் பெரிய திறமை ஒன்றும் வேண்டாம். கேள்வி முடியும் முன்பே பதில் கிளம்பிவிடும், நடுவில் ஒரு துணைக்கேள்வி போட்டால் வண்டி நின்றுவிடும், திரும்ப முதல் வரியிலிருந்துதான் ஸ்டார்ட் ஆகும். இன்னும் சிலர் திரையில் பதிலை ஒட்டிவைத்துப் படிப்பார்கள். எங்களுக்குத் தெரியாது என்று நினைப்பு. கண்மணி இடமிருந்து வலமாக ஓடி, சட்டென்று இடது ஓரத்துக்குத் திரும்பி, மறுபடி ஓடுவது இங்கே பெரிய திரையில் அப்பட்டமாகத் தெரிகிறது அம்மா.

அந்த அறுபது பக்கத்தை எடுத்து வையுங்கள். அதற்குப் பதிலாக நீங்கள் அனுப்பிய விண்ணப்பத்தையே பிரிண்ட் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பேனாவால் எழுதுங்கள்: இதில் நான் செய்தது என்ன? ஈராஸ் (ரெசிடென்சிக்கான ஆன்லைன்) விண்ணப்பத்தில் பத்து அனுபவங்கள் வரை போடலாம், அதில் மூன்றை முக்கியமானவை என்று குறிக்கலாம். அந்த மூன்றைப் பற்றிக் கண்டிப்பாகக் கேட்பார்கள். மீதி ஏழில் ஏதோ ஒன்றைப் பற்றியும் கேட்பார்கள், அது நீங்கள் மறந்துபோன ஒன்றாக இருக்கும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நேரில் போய் இன்டர்வியூ கொடுத்த காலம் அது, சூட்டெல்லாம் தைத்துப்போட்டுப் போனேன். என் சிவியில் ஒரு ஆய்வு போஸ்டர் (மாநாட்டில் ஒட்டும் ஆய்வுச் சுருக்கம்) இருந்தது, மூன்றாவது ஆசிரியராக என் பெயர். உண்மையில் நான் செய்தது கேஸ் ஷீட்டிலிருந்து எண்களை எக்செலில் ஏற்றியது மட்டும்தான். எதிரே இருந்த பெரியவர் ரொம்ப அன்பாக, "இந்த நோயாளிகளை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லாமல் ஏதோ சுற்றி வளைத்தேன். "நான் டேட்டா மட்டும்தான் ஏற்றினேன் சார், ஆனால் ஏற்றும்போது பாதி கேஸ் ஷீட்டில் எடையே எழுதவில்லை என்று கவனித்தேன்" என்று சொல்லியிருந்தால் போதும், அது நிஜமும்கூட. அந்த இடம் கிடைக்கவில்லை.

அப்புறம், "நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள்" என்ற கேள்வி. எல்லாவற்றிலும் பெர்ஃபெக்‌ஷன் எதிர்பார்ப்பதுதான் என் குறை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், ஒரே நாளில் அதை நான்கு பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒரு பெண் சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, இரவு டூட்டியில், லேபிலிருந்து போனில் பொட்டாசியம் ரிப்போர்ட் சொன்னார்கள். அவர் அதைப் பக்கத்து பெட்காரரின் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டார். சிகிச்சை தொடங்கப்போகும்போது நர்ஸ், "டாக்டர், இவருக்கு ஈசிஜி நார்மலா இருக்கே" என்று நிறுத்தியிருக்கிறார். "சிஸ்டர் கேட்காவிட்டால் நான் கொடுத்திருப்பேன்" என்றார் அந்தப் பெண், ஒளிக்காமல். அன்றிலிருந்து போனில் எந்த ரிப்போர்ட் வந்தாலும் பெயர், பெட் நம்பர், எண் மூன்றையும் திருப்பிச் சொல்லி உறுதிசெய்த பிறகே எழுதுகிறாராம். முழுக்க ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. இவரை இரவு வார்டில் நம்பி விடலாம் என்று எனக்குத் தோன்றியது. நாங்கள் தேடுவது அதைத்தான்.

இப்படி ஐந்தாறு நிகழ்ச்சிகள் உங்களிடமும் இருக்கும். ஒரு தவறு, ஒரு சண்டை, ஒரு மரணம், யாரோ உங்களைத் திருத்தியது, நீங்கள் யாருக்கோ சொல்லிக்கொடுத்தது. அவற்றை வார்த்தை வார்த்தையாக எழுதிவைக்காமல், நண்பர்களிடம் வாயால் சொல்லிப் பாருங்கள், தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. வாசகம் ஒவ்வொரு தடவையும் மாறும். மாறட்டும்.

ஃபெயில் விஷயம். 2022 ஜனவரி கடைசியிலிருந்து ஸ்டெப் 1-க்கு மார்க் கிடையாது, பாஸ் ஃபெயில் மட்டும்தான், அதனால் உங்கள் ஃபெயில் அங்கே தனியாகத் தெரியும், மறைக்க வழியில்லை. அழைத்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் அழைத்திருக்கிறார்கள் (ஓரமாக வைக்கச் சொன்னது இதற்குத்தான்). "கேள்விகள் போட்டுப் பழகாமல் புத்தகத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன், தயாராகும் முன்பே எழுதிவிட்டேன். இரண்டாவது தடவை முறையை மாற்றினேன். ஸ்டெப் 2-க்கும் அதே முறைதான்." அவ்வளவுதான், நிறுத்திவிடுங்கள். உங்கள் காரணம் வேறாக இருந்தால் அதைச் சொல்லுங்கள், ஆனால் நீளம் இவ்வளவுதான். குடும்பச் சூழ்நிலை, தேர்வு மையம், கோவிட் என்று நீட்ட நீட்டத்தான் எதிரே இருப்பவருக்குச் சந்தேகம் வரும்.

ரேங்க் லிஸ்டில் எங்கே போடுவீர்கள் என்று அவர்கள் கேட்கக் கூடாது. வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்தீர்கள் என்றும் கேட்கக் கூடாது. இரு தரப்பு லிஸ்டையும் வைத்து விண்ணப்பித்தவர்களுக்கு இடம் பொருத்தும் முறைக்குத்தான் மேட்ச் என்று பெயர், அதன் விதி அது. ஆனாலும் யாராவது வாய்தவறிக் கேட்டால் விதியை எடுத்து நீட்ட வேண்டாம். "இன்னும் முடிவு செய்யவில்லை, இங்கே எனக்குப் பிடித்தது இது" என்று உண்மையிலேயே பிடித்த ஒன்றைச் சொல்லி நகருங்கள்.

லிஸ்ட் போடும்போது மட்டும் தந்திரம் எதுவும் செய்யாதீர்கள். "அவர்கள் என்னை எடுக்க மாட்டார்கள், அதனால் கீழே போடுகிறேன்" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது எழுதுகிறார்கள். மேட்ச் கணக்கு விண்ணப்பிப்பவரின் விருப்ப வரிசையில் மேலிருந்து தொடங்குகிறது. அந்த முறையை ஆல்வின் ராத்தும் எலியட் பெரான்சனும் திருத்தி அமைத்தார்கள், 1998 முதல் அதுதான் நடைமுறை. ராத்துக்கு 2012-இல் பொருளாதார நோபல் கிடைத்ததில் இதற்கும் பங்குண்டு. எட்டாத இடத்தை முதலில் போட்டு அது கிடைக்காமல் போனாலும், இரண்டாவது இடத்தில் உங்கள் வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. ஆனால் மேட்ச் ஆனால் போயே ஆக வேண்டும், எனவே போக மனமில்லாத ஊரை லிஸ்டிலேயே போடாதீர்கள்.

கடைசியில் "உங்களுக்குக் கேள்வி உண்டா?" என்பார்கள். இணையதளத்தில் இருப்பதைக் கேட்காதீர்கள். ரெசிடென்டுகளோடு தனியாகப் பேச விடுவார்கள், அங்கே கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு நோயாளி மோசமானால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள், அவர் வர எவ்வளவு நேரம் ஆகும்? பதிலைவிட அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைக் கவனியுங்கள்.

இன்னொன்று, நேரம். கிழக்குக் கரையில் காலை எட்டு மணி இன்டர்வியூ என்றால் அக்டோபரில் உங்களுக்கு மாலை ஐந்தரை. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், அப்புறம் அதே எட்டு மணி உங்களுக்கு ஆறரை. மேற்குக் கரை என்றால் இரவு ஒன்பதரை. ஐந்துக்கும் தேதியைப் பார்த்து இன்றைக்கே தனித்தனியாக அலாரம் வைத்துவிடுங்கள்.