கேள்வி-பதில்: விடுமுறையில் வாங்கிய தேள்

கடற்கரைக் கடையில் என் ஏழு வயது மகளின் கையில் கருப்பு மருதாணியில் ஒரு தேள் வரைந்தார்கள். வீடு திரும்பி ஒன்பதாம் நாள் அரிப்பு தொடங்கியது. இப்போது அதே தேள் வடிவில் சிவந்து தடித்து, கொப்புளம் கட்டியிருக்கிறது. விற்றவரிடம் கேட்டால், மணலும் வெயிலும் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்...

மணலும் வெயிலும் கொடுக்கு வரைக்கும் கச்சிதமாகத் தேள் வடிவில் கொப்புளம் போடாது. தடவியதில் பாரா-பினைலீன்டையமீன் இருந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாக பிபிடி, தலைமுடிச் சாயத்தில் கருப்பு தருவது அதுதான். முதல் தடவை என்றால் உடம்பு அதை எதிரியாக அடையாளம் காணவே ஒன்று, இரண்டு வாரம் பிடிக்கும். அதனால்தான் ஒன்பது நாள் அமைதி. அடுத்த தடவை பட்டால் இத்தனை நாள் காத்திருக்காது. ஒன்றிரண்டு நாளில் கிளம்பிவிடும்.

இதமான தண்ணீரில், வாசனையில்லாத சோப்பால் மெதுவாகக் கழுவுங்கள். கறை போகாது, தேய்க்காதீர்கள். எலுமிச்சை, பற்பசை, ப்ளீச் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். ஈரத்துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஒற்றி வைத்தால் அரிப்பு தணியும். இன்றே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் ஸ்டீராய்டு களிம்பு தருவார். அதன் வீரியத்தையும் எத்தனை நாள் என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய டியூபை எடுக்காதீர்கள். சீழ், காய்ச்சல் வந்தால் கிருமித் தொற்று. முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ நேராக அவசர சிகிச்சைக்கு.

ஆறிய பிறகும் அந்த இடம் வெளுத்தோ கருத்தோ பல மாதம் இருக்கலாம். வெயில் படாமல் மூடி வையுங்கள். பெரிய இழப்பு இதற்குப் பிறகுதான்: இந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுளுக்கும் கூடவே வரும். பெரியவளான பிறகு வழக்கமான தலைச்சாயம் தொடக்கூடாது. பென்சோகெய்ன் வகை மரப்பு மருந்தும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. மருத்துவக் குறிப்பில் இப்போதே எழுதச் சொல்லுங்கள். பல் மருத்துவரிடமும் சொல்லி வையுங்கள். உங்கள்மேல் தப்பில்லை. மருதாணி என்று சொன்னதை நம்பினீர்கள், அவ்வளவுதான்.

---

கை நீட்டுவதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. இரண்டு கேள்வி போதும். எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும்? எடுத்ததும் என்ன நிறம்?

அசல் மருதாணி நான்கு முதல் ஆறு மணி நேரமாவது தோலில் இருக்க வேண்டும். எடுத்ததும் ஆரஞ்சு நிறம்தான்; ஒன்றிரண்டு நாளில்தான் செம்பழுப்பாக முற்றும். உள்ளங்கையில் நன்றாகப் பிடிக்கும், தோளிலும் முதுகிலும் வெளிறித்தான் நிற்கும். ஆகவே "ஒரு மணி நேரம் போதும், தோளிலும் கருகருவென்று வரும்" என்கிறவர் தன்னைத் தானே காட்டிக் கொடுக்கிறார். விழுதையும் பாருங்கள்: அசல் என்றால் பச்சை கலந்த பழுப்பு, இலை வாசனையோடு, சேர்த்திருந்தால் தைல வாசனையும் இருக்கும். கன்னங்கரேல் என்று இருந்து சலூன் சாய நெடி அடித்தால் எழுந்துவிடுங்கள்.

---

அவுரி கலந்ததால்தான் கருப்பு, முழுக்க இயற்கை என்றார். நம்பலாமா?

கூடாது. மருதாணியும் அவுரியும் சேர்ந்தால் முடி கருக்கும். தோலில் அவுரி அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

---

காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து ஒரு மணி நேரம் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் பாதுகாப்புதானே?

இல்லை. தலைச்சாயப் பெட்டியே 48 மணி நேரம் முன்பு சோதிக்கச் சொல்கிறது. புதிதாக ஒவ்வாமை உண்டாகப் பத்து நாளும் ஆகும் என்றால், ஒரு மணி நேரத்தில் எதைப் பார்த்தார்கள்? அந்தப் பொட்டே ஒவ்வாமைக்கு விதையாகவும் அமையலாம்.

---

மூன்று வருடமாக விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் கருப்பில்தான் போட்டுக்கொள்கிறேன். ஒன்றும் ஆனதில்லை. சும்மா பயமுறுத்துகிறீர்களோ?

இதுவரை ஆகவில்லை, சரி. ஒவ்வொரு தடவையும் உடம்புக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கிறீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலைச்சாயத்தைக் கலந்து பூசும் நிலையில் பிபிடி 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அதையும் அரை மணி போல வைத்துவிட்டு அலசிவிடுகிறோம். தோலில் நேராகப் பூச அங்கே அனுமதியே இல்லை. இந்த விழுதை அளந்து கலப்பவர் யாருமில்லை. 15 விழுக்காட்டைத் தாண்டிய மாதிரிகள் ஆய்வகங்களில் சிக்கியிருக்கின்றன. காய்ந்து உதிரும்வரை அது தோல்மேலேயே கிடக்கும். தெரிந்தே போய் உட்காருகிறவரிடம் எத்தனை முறைதான் சொல்வது?

---

சில வருடங்களுக்கு முன் கருப்பு மருதாணி டாட்டூ போட்டுக் கை புண்ணானது. இப்போது நரை மறைக்க வேண்டும். "அம்மோனியா இல்லாதது, மூலிகை" என்று எழுதிய சாயம் வாங்கி வைத்திருக்கிறேன். போடலாமா?

பெட்டியைத் திறக்காதீர்கள். இந்த இரண்டு சொற்கள்மேல் எனக்குத் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மோனியாவின் வேலை முடியின் செதிலைத் திறந்துவிடுவது. நிறம் தருவது பிபிடியோ அதன் உறவுகளோ. கதவு திறப்பவனை மாற்றிவிட்டு, உள்ளே வருகிறவன் நல்லவன் என்று சொல்வது போலத்தான் இந்த விளம்பரம். பெட்டியின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் "இல்லை" என்பதைப் படிக்கிறோம். பின்பக்கம் பொடி எழுத்தில் "இருக்கிறது" என்பதைப் படிப்பதில்லை. நானும் இப்படி இரண்டு பெட்டி வாங்கிக் குப்பையில் போட்டவன்தான். "மூலிகை" இன்னும் மோசம். பொடியில் மருதாணியும் இருக்கும், கருப்புக்குப் பிபிடியும் இருக்கும். இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் முன்பக்கத்தில் எது வரும் என்று சொல்லவும் வேண்டுமா?

பின்பக்கத்தில் தேட வேண்டிய பெயர்கள்: பாரா-பினைலீன்டையமீன், 1,4-டைஅமினோபென்சீன், 1,4-பென்சீன்டையமீன், சி.ஐ. 76060. நான்கும் ஒன்றே. "பிபிடி இல்லை" என்று இருந்தாலும் டோலுயீன்-2,5-டையமீன் இருக்கிறதா பாருங்கள். பிபிடி ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு அதுவும் ஆகாது. பொருட்பட்டியலே இல்லை என்றால் பேச்சே இல்லை, வைத்துவிட்டு வாருங்கள்.

ஐரோப்பாவில் விற்கும் சாயப் பெட்டிகளில், கருப்பு மருதாணி டாட்டூவால் பாதிக்கப்பட்டவர் முடிக்குச் சாயம் போடக்கூடாது என்றே அச்சிட்டிருக்கும். முகமும் இமையும் வீங்கி மருத்துவமனைக்குப் போனவர்கள் இருப்பதால்தான் அது வந்தது. முதலில் தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை (சிறிதளவு பொருளைத் தோலில் ஒட்டி வைத்து ஒவ்வாமை வருகிறதா என்று பார்ப்பது) செய்துகொள்ளுங்கள். கையில் புண் வந்த கதையைச் சொல்லிவிடுங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு வழக்கத்தைவிட நீர்த்த பிபிடியில் தொடங்குவார்கள்.

---

வெள்ளை மருதாணி?

அப்படி ஒரு மருதாணி கிடையாது. பசையும் பெயிண்டும்.

---

மருதாணி கோன் வாங்கினேன். "ஆறு மாதம் கெடாது, பத்து நிமிடத்தில் சிவக்கும்" என்று போட்டிருக்கிறது. கருப்பில்லை, சிவப்புதான்.

கருப்பில்லை என்பதால் நல்லது ஆகிவிடாது. கரைத்து வைத்த அசல் விழுது வெளியில் இருந்தால் சில நாளில் சாயம் இழந்துவிடும், உறையவைத்துத்தான் விற்பார்கள். அலமாரியில் ஆறு மாதம் கிடந்தும் பத்து நிமிடத்தில் சிவக்கிறது என்றால் வேறு சாயம் இருக்கிறது. சோடியம் பிக்ரமேட் என்ற செயற்கைச் சாயம் இப்படிப்பட்ட கோன்களில் அகப்பட்டிருக்கிறது. பொடி வாங்கி நீங்களே கரைப்பது மேல்.

---

புண் வந்துவிட்டது, பணமாவது திரும்பக் கிடைக்குமா?

நடமாடும் கடை என்றால் கஷ்டம். ஆனாலும் புண்ணை நாள்வாரியாகப் படமெடுங்கள், பக்கத்தில் ஒரு அளவுகோலோடு. ரசீது, கடையின் படம், மருத்துவர் சீட்டு, மிச்ச விழுது இருந்தால் மூடிய டப்பாவில் அது. விடுதிக்குள்ளேயே அந்தக் கடை இருந்தால் விடுதி நிர்வாகத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள், விட்டுவிடாதீர்கள். அந்த ஊர் சுகாதாரத் துறைக்கு ஒரு பிரதி. வேறு புகார்களும் வந்திருந்தால் அவர்கள் சேர்த்துப் பார்க்க முடியும்.

---

ஐந்து மாதக் குழந்தைக்கு வீட்டில் அரைத்த இலை வைக்கலாமா? அதில் ரசாயனம் எதுவும் இல்லையே.

வைக்காதீர்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு மருதாணியின் இயற்கைச் சாயமான லாசோன் என்பதே இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். குறைபாடு இருப்பது பெரும்பாலும் முன்கூட்டித் தெரிவதில்லை. ஏற்கெனவே வைத்திருந்தால் உடனே கழுவிவிட்டு, சில நாள் கவனியுங்கள்: வெளிறிப்போதல், கண் மஞ்சளாதல், பால் குடிக்க மறுத்தல், தேநீர் நிறத்தில் சிறுநீர். இதில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்கு ஓடுங்கள். மருதாணி வைத்ததை வாசலிலேயே சொல்லுங்கள்.