போனஸ் தீர்ந்த பிறகு வரும் பண்டிகை

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். தீபாவளிக்கு வந்த போனஸ் அப்போதே தீர்ந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு மாமியார், அம்மா, நங்கையாள் (நாத்தனார்) இரண்டு பேர், அவர்கள் பிள்ளைகள் நான்கு பேர், கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்கள் ஆறு பேர் என 14 பேருக்குப் பரிசு கொடுக்க வேண்டும். கையில் இருப்பது 2,000 ரூபாய். மலிவாக, ஆனால் மலிவு என்று தெரியாமல் என்ன வாங்கலாம்? மலிவான பொருளைக் கொடுத்தால் மாமியார் வீட்டில் மதிப்பார்களா?
- ஒரு வாசகி, அவிநாசி

பதில்: ‘மலிவு’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். மாமியாருக்கு என்ன வயது, அம்மா எந்த ஊரில் இருக்கிறார், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று ஓரிடத்தில்கூட எழுதவில்லை. என்னைக் கேட்டால், பணம் போதாததைவிட இதுதான் பெரிய குறை. ஆளை நினைக்காமல் கடைக்குள் போனால் இருபதாயிரம் இருந்தாலும் பத்தாது.

கோபி பக்கம் எங்கள் அம்மாயி வீடு. அவர் காலமான பிறகு பீரோவைத் திறந்து பார்த்தோம். கண்ணாடி டம்ளர் செட், சுவர்க் கடிகாரம், பூ ஜாடி என்று கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வந்தவை எல்லாம் சுற்றிய காகிதம் பிரிக்காமல் இருந்தன. ஜன்னல் கம்பியில் மட்டும் ஒரு பூதக்கண்ணாடி தொங்கியது. பக்கத்து வீட்டு டீச்சரம்மா ஒரு கிறிஸ்துமஸ் அன்று பலகாரத் தட்டோடு சேர்த்துக் கொடுத்தது. அம்மாயி மாத்திரை அட்டையை வாசலுக்குக் கொண்டுவந்து, வெயிலில் கையை நீட்டிப் பிடித்து, பெயரைப் படிக்கத் திணறியதை அவர் திண்ணையிலிருந்து பார்த்திருக்கிறார். வேறு யாரும் பார்க்கவில்லை, பேரப்பிள்ளைகளான நாங்கள் உட்பட. அந்தக் கண்ணாடியில் கட்டியிருந்த கயிறு இற்றுப்போய் இரண்டு முறை மாற்றிக் கட்டியிருந்தது. அதன் விலை என்ன என்று அம்மாயி ஒருநாளும் கேட்டதில்லை.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். 14 பேருக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்கு 140 ரூபாய் சொச்சம். கம்பெனி ஆட்கள் ஆறு பேருக்கே 850 ரூபாய் போய்விடும். அங்கே சீட்டு எழுதிக் குலுக்குங்கள். யார் பெயர் வருகிறதோ அவருக்கு மட்டும் ஆளுக்கொரு பரிசு, 150 ரூபாய்க்கு மேல் கூடாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பல ஆபீஸ்களில் கிறிஸ்துமஸுக்கு இப்படித்தான் விளையாடுகிறார்கள். கூட வேலை செய்கிறவர்களுக்கும் சனிக்கிழமைச் சம்பளம்தானே, அவர்களும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். உங்களுக்கு 700 ரூபாய் மிச்சம்.

பிள்ளைகளுக்குத் திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய டி-சர்ட் வாங்குங்கள். மற்றவர்களுக்கு நான் இதைச் சொல்லத் தயங்குவேன், உங்களுக்குத் தயங்க மாட்டேன். நாள் முழுக்க பீஸைப் புரட்டிப் பார்க்கிற கண் உங்களுடையது. கழுத்து ரிப் நெளிந்திருந்தாலும், அக்குளில் ஒரு தையல் விட்டிருந்தாலும், துணியில் ஊசி ஓட்டை இருந்தாலும் உங்களிடம் தப்பாது. நூறு, நூற்றைம்பதுக்குள் நல்லதாகப் பொறுக்கி எடுத்துவிடுவீர்கள். அளவை மட்டும் வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்தப் பிள்ளை இப்போது போடுகிற சட்டை ஒன்றின் மார்பகலத்தை டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். படிக்கிற பழக்கம் உள்ள பிள்ளை இருந்தால் டி-சர்ட்டுக்குப் பதில் புத்தகம். நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் புத்தகங்கள் பலவும் நூறு ரூபாய்க்குள்தான். பேட்டரி பொம்மை மட்டும் வேண்டாம். பொங்கல் வருவதற்குள் அது மூலையில் கிடக்கும்.

நங்கையாள் இரண்டு பேருக்கும் நெய். ஊத்துக்குளி வெண்ணெய் உங்களுக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. அரைக் கிலோ காய்ச்சினால் சுமார் 400 கிராம் நெய் வரும். சிறு தீயில் வையுங்கள். சடசட சத்தம் அடங்கி, அடியில் கசண்டு பொன்னிறமாகும்போது ஒரு கொத்து முருங்கை இலையைப் போட்டு உடனே இறக்குங்கள். அந்த வாசனை கடை நெய்யில் வராது. ஈரமில்லாத சிறு கண்ணாடி பாட்டிலில் ஆளுக்கொன்று ஊற்றிவிட்டு, மிச்சத்தை அம்மாவுக்கு எடுத்து வையுங்கள். கூடவே ஆளுக்கொரு ஈரிழைத் துண்டு. தலைக்குக் குளித்துவிட்டு முடியைக் கட்ட அதைப்போல வேறில்லை. புதிதில் கஞ்சி இருப்பதால் தண்ணீரை இழுக்காது, இரண்டு தடவை அலசிய பிறகுதான் இழுக்கும். இதைச் சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் மட்டத் துணி என்று நினைத்துவிடுவார்கள்.

மிச்சமிருப்பதைப் பெரியவர்கள் இருவருக்கும் வையுங்கள். மார்கழியில் நம் பக்கம் சிமெண்ட் தரை எப்படிச் சில்லிடும் என்று உங்களுக்கே தெரியும். மாமியார் தரையில் உட்காருகிறவர் என்றால் சின்னதாக ஒரு பவானி ஜமக்காளம், குளிர் தாங்காதவர் என்றால் சென்னிமலைப் போர்வை. பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றது. இருந்தும் வெளியூர் விசைத்தறி விரிப்புகள் அதே பெயரில் விற்கின்றன. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, கூட்டுறவுச் சங்கக் கடையிலோ கோ-ஆப்டெக்ஸிலோ வாங்குங்கள். பண்டிகைத் தள்ளுபடி டிசம்பரிலும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். அந்தப் பணம் தறிக்குழியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிற ஒருவரின் வீட்டுக்கும் போகும்.

அம்மாவுக்கு அந்த நெய்யைத் தவிர நான் வேறெதுவும் சொல்லப் போவதில்லை. அவருக்கு என்ன தேவை என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், ஒரு நாள் போய் அவர் சமையல்கட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. இங்கே கம்பெனிகள் போனஸைத் தீபாவளியை ஒட்டித்தான் கொடுக்கின்றன. கிறிஸ்துமஸ் கொண்டாடுகிற குடும்பத்தில் அந்தப் பணம் அதுவரை தாங்குவதில்லை. அதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை, கூனிக் குறுகாதீர்கள். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து மாமியாரோடு நடந்து வரும்போது, எந்த இடத்தில் நிற்கிறார், எதைப் படிக்கக் கண்ணைச் சுருக்குகிறார், உட்கார்ந்து எழ எதைப் பிடிக்கிறார் என்று கவனியுங்கள். கடைக்கு அப்புறம் போகலாம்.