மாற்ற வேண்டாம், விடுங்கள்

கேள்வி: என் மகன் கணக்காளராக வேலை பார்க்கிறான். கல்யாணம், கோயில் விசேஷம் எதற்குப் போனாலும் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவான். ‘திமிர் பிடித்தவன்’ என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை என்று ஆபீசில் பதவி உயர்வும் தள்ளிப்போகிறது. கேட்டால் ‘நான் இன்ட்ரோவர்ட்’ என்கிறான். இவனை எப்படி மாற்றுவது?
— ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: மாற்ற வேண்டாம் அம்மா. அவன் சாக்குச் சொல்லவில்லை. மனிதர்களில் உள்முக சுபாவம் (அவன் சொல்லும் ‘இன்ட்ரோவர்ட்’), வெளிமுக சுபாவம் என்று இரண்டு உண்டு என உளவியல் அறிஞர் கார்ல் யுங் 1921-லேயே எழுதிவிட்டார். கூட்டத்தில் சிலருக்குத் தெம்பு ஏறும், சிலருக்கு இறங்கும். அந்த ஒரு மணி நேரம் உங்கள் மகன் உங்களுக்காக இருந்துவிட்டு வருவது.

கூச்சம் வேறு. பேச நினைத்தும் பயத்தில் நா எழாமல் போவது அது. காந்திக்கு அதுதான் இருந்தது. லண்டனில் சைவ உணவுச் சங்கத்தில் தன் கருத்தை எழுதிக்கொண்டு போயும் வாசிக்க முடியாமல், வேறொருவர் வாசித்தார். பம்பாயில் முதல் வழக்கில் எழுந்து நின்றவர் ஒரு கேள்வியும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். அதே மனிதர் 1893-ல் இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வந்து, பிரிட்டோரியாவில் இந்தியர்களைக் கூட்டிப் பேசினார். சொல்ல விஷயம் இருந்தது, பேசினார். உங்கள் மகனுக்கு ஆட்களைப் பார்த்தாலே நெஞ்சு படபடத்து, வேலைக்குப் போகவே பயம் என்றால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

எனக்குக் கோபம் உங்கள் சொந்தக்காரர்கள் மேல்தான். தைப்பூசத்தன்று நாக்கில் சின்ன வேல் குத்தி, மௌனமாகக் காவடி எடுத்து வருபவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அதே ஆள் அடுத்த வாரம் கல்யாண வீட்டில் பேசாமல் ஓரமாக உட்கார்ந்தால் திமிரா? துக்க வீட்டில் கவனியுங்கள். முன்னால் பேசுகிறவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். பின்னால் அண்டா கழுவுவதும் நாற்காலி மடக்கி அடுக்குவதும் பெரும்பாலும் இந்த மாதிரிப் பிள்ளைகள்தான்.

சரி, ஆபீஸ். மீட்டிங்கில் என்ன பேசப்போகிறார்கள் என்று முந்தின நாளே கேட்டு, தன் கருத்தை இரண்டு பத்தியில் மின்னஞ்சலாக அனுப்பட்டும். அப்புறம் மீட்டிங்கில் ஒரு வாக்கியம் பேசினாலே போதும். பதவி உயர்வையும், செய்த வேலைகளைக் குறிப்பிட்டு எழுத்திலேயே கேட்கட்டும். அதற்கும் மேலதிகாரி அசையாவிட்டால் வேறு வேலை தேடுவதில் தப்பே இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ‘அவன் அப்படித்தான், தப்பா எடுத்துக்காதீங்க’ என்று அவன் காதில் விழும்படி ஊரிடம் மன்னிப்புக் கேட்பதை நிறுத்துங்கள். அவன் கிளம்பும்போது, ‘நீ போப்பா, நான் சித்தப்பா காரில் வந்துவிடுகிறேன்’ என்று எல்லார் முன்னாலும் சொல்லி அனுப்புங்கள்.