இத்தாலியில் எந்த ஊர், எத்தனை இரவு: கேள்வி பதில்

இத்தாலி ஒரே நாடானது 1861-இல். வெனிஸ் 1866-இலும் ரோம் 1870-இலும்தான் வந்து சேர்ந்தன. அதுவரை பகுதிக்கொரு அரசு. அதனால்தான் ரயிலில் மூன்று மணி நேரம் போனாலே சமையலும் கட்டடமும் பேச்சும் மாறிவிடுகின்றன. வந்திருந்த கேள்விகளில் பெரும்பாலானவை "எல்லாவற்றையும் எப்படிப் பார்ப்பது?" என்ற ரகம். பார்க்க முடியாது. எதை விடுவது என்பதுதான் திட்டமிடலில் முதல் வேலை.

கேள்வி: நானும் கணவரும் செப்டம்பரில் பத்து நாள் போகிறோம். மிலான், வெனிஸ், ஃப்ளோரன்ஸ், ரோம், அமால்ஃபி, சிசிலி. சரியாக வருமா?

வராது. நாள் கணக்கை விட்டுவிட்டு இரவுக் கணக்குப் போடுங்கள். பத்து நாள் என்றால் ஒன்பது இரவு. பெரும்பாலான விடுதிகளில் காலை 10, 11 மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், அடுத்த ஊரில் 2, 3 மணிக்குத்தான் அறை கிடைக்கும். ரயில் ஒன்றரை மணி நேரம்தான் என்றாலும் ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாள் போய்விடும். ஆறு ஊர் என்றால் ஐந்து மாற்றம், இரண்டரை நாள் பெட்டி தூக்குவதிலேயே கழியும்.

வெனிஸ் 2, ஃப்ளோரன்ஸ் 3, ரோம் 4 இரவு. மூன்றும் ஒரே அதிவேக ரயில் தடத்தில் இருக்கின்றன: வெனிஸிலிருந்து ஃப்ளோரன்ஸ் இரண்டேகால் மணி, அங்கிருந்து ரோம் ஒன்றரை மணி. ரோமிலிருந்து நேப்பிள்ஸ் 1 மணி 10 நிமிடம் என்பதால் அதன் அருகே எரிமலையில் புதைந்த பழைய நகரமான பொம்பெய்யைக் காலையில் போய் இரவு திரும்பும் பயணமாகவே முடிக்கலாம். விமானத்தை வெனிஸில் இறங்கி ரோமில் ஏறும்படி எடுங்கள். ஒரே ஊரில் இறங்கி ஏறினால் திரும்பி வருவதற்கே ஒரு நாள் வீண். சிசிலியை அடுத்த முறைக்கு வையுங்கள். ரோமிலிருந்து பலெர்மோவுக்கு நேரடி ரயில் உண்டு, மெசினா நீரிணையில் ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றிக் கடத்துவார்கள். வேடிக்கைதான், ஆனால் பதினொரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

கேள்வி: ரயில் டிக்கெட்டை முன்பே வாங்கணுமா, அங்கே போய் வாங்கலாமா?

இரண்டு வகை ரயில், இரண்டு விதி. ஃப்ரெச்சாரோஸா, இத்தாலோ போன்ற அதிவேக ரயில்களில் விமானம் மாதிரி விலை ஏறும், முன்பே வாங்குவது லாபம். ஆனால் மிகக் குறைந்த விலை டிக்கெட்டுகளை மாற்றவும் முடியாது, பணமும் திரும்பாது. விமானம் இறங்கும் நாளின் ரயிலுக்கு அந்த டிக்கெட்டை வாங்காதீர்கள்.

ரெஜியோனாலே எனும் உள்ளூர் ரயிலில் இன்று வாங்கினாலும் ஒரு மாதம் முன் வாங்கினாலும் ஒரே விலை. இருக்கை எண் கிடையாது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். கைபேசி டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் அதிலேயே செக்-இன் அழுத்த வேண்டும். இதைச் செய்யாவிட்டால், காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் கையில் இருந்தும் அபராதம்தான். "தெரியாது" என்பது எடுபடாது.

அறிவிப்புப் பலகையில் உங்கள் ஊர்ப் பெயரைத் தேடாதீர்கள். கடைசி நிறுத்தத்தின் பெயர்தான் பெரிதாக இருக்கும், நேப்பிள்ஸ் போகும் ரயிலில் 'சலெர்னோ' என்று எழுதியிருக்கலாம். ரயில் எண்ணை வைத்துத் தேடுங்கள். 'பினாரியோ' என்றால் நடைமேடை. நிலையத்தின் முழுப் பெயரையும் பாருங்கள்: வெனிஸில் 'மெஸ்த்ரே' நிலப்பகுதி, 'சாந்தா லூச்சியா'தான் தீவு. ஃப்ளோரன்ஸில் 'சாந்தா மரியா நொவெல்லா', நேப்பிள்ஸில் 'சென்ட்ராலே'தான் ஊருக்குள் இருப்பவை. 'நாப்போலி அஃப்ராகோலா' ஊருக்கு வெளியே இருக்கிறது, அவசரத்தில் அங்கே இறங்கிவிடாதீர்கள்.

கேள்வி: சுத்த சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவோம். சமாளிக்க முடியுமா?

பட்டினி கிடக்க மாட்டீர்கள். ஆனால் 'சைவம்' என்று அங்கே சொல்வதற்கும் நாம் சொல்வதற்கும் இடைவெளி உண்டு. பார்மிஜானோ சீஸ் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனெட் சேர்த்துத்தான் செய்யப்படுகிறது, அந்தப் பெயருக்கான விதியே அப்படி. உங்களுக்கு அது ஆகாதென்றால் பாஸ்தா மேல் தூவ வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள்: 'சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ'. பெஸ்தோ எனும் பச்சைச் சட்னியிலும் சீஸ் அரைத்தே வரும். மினெஸ்த்ரோனே சூப்பும் ரிசோட்டோ சாதமும் இறைச்சிச் சாற்றில் வெந்திருக்கலாம்: 'சென்ஸா ப்ரோதோ தி கார்னே' என்று கேளுங்கள். எமிலியா-ரொமாஞ்ஞா பகுதியின் பியாதினா ரொட்டியில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், அதன் பெயர் 'ஸ்த்ருத்தோ'. நேப்பிள்ஸில் முறுக்கு மாதிரி இருக்கும் மிளகு தராலியிலும் அது உண்டு.

நம் நாக்குக்குத் தெற்குதான் தோது. பலெர்மோவின் பானெல்லே கடலைமாவு வில்லை, எண்ணெயில் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். பஜ்ஜிக்கு ஒன்றுவிட்ட தம்பி. கத்தானியாவின் பாஸ்தா அல்லா நோர்மாவில் கத்தரிக்காயும் தக்காளியும், மேலே உப்பிட்ட ரிக்கோத்தாவும். கத்தரிக்காயில் இனிப்பும் புளிப்புமாகச் செய்யும் கபொனாத்தா, புலியாவின் அரைத்த பயறும் கசப்புக் கீரையும் சேர்ந்த 'ஃபாவே எ சிகோரியா' எல்லாம் நம்பிச் சாப்பிடலாம். புலியாவின் ஒரெக்கியெத்தே கீரை பாஸ்தாவில் மட்டும் நெத்திலி கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. 'சென்ஸா அச்சூகே' என்று சொல்லிவிடுங்கள். வடக்கில் லிகூரியாவின் ஃபரினாத்தாவும் கடலைமாவு அடைதான்.

பல உணவகங்கள் இரவு 7:30-க்கு முன் அடுப்பு பற்ற வைக்காது. பில்லில் 'கொபெர்த்தோ' என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ இருந்தால் ஏமாற்று அல்ல, மேசைக் கட்டணம். காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை.

கேள்வி: டஸ்கனியில் கார் எடுத்துச் சுற்றலாம் என்று ஆசை. இந்திய லைசென்ஸ் செல்லுமா?

லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள், ஓராண்டு செல்லும்.

பெரிய கண்ணி இசட்.டி.எல். (ZTL) எனப்படும் வாகனத் தடைப் பகுதி. ஃப்ளோரன்ஸ், சியெனா, பீசா, பொலோஞ்ஞா போன்ற பழைய நகர மையங்களில் வெள்ளைப் பலகையில் சிவப்பு வட்டம் இருக்கும், மேலே கேமரா. யாரும் நிறுத்த மாட்டார்கள். பல மாதம் கழித்து வீட்டுக்கு அபராதக் கடிதம் வரும். ஒரே தெருவைத் தேடி மூன்று முறை நுழைந்தால் மூன்று அபராதம். உங்கள் முகவரியைப் போலீசுக்குக் கொடுத்ததற்கு வாடகை கார் நிறுவனம் தனியாகப் பணம் பிடிக்கும். பலகையில் 'வார்க்கோ அத்தீவோ' என்று எரிந்தால் தடை நடப்பில் இருக்கிறது, நுழையக் கூடாது. விடுதி உள்ளே இருந்தால் வண்டி எண்ணை அவர்கள் பதிவு செய்வார்களா என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

ஃப்ளோரன்ஸைக் கார் இல்லாமல் பார்த்து முடித்து, கிளம்பும் நாளில் டிராமில் விமான நிலையம் போய் அங்கே காரை எடுப்பதுதான் சுலபம். வால் தோர்ச்சா பள்ளத்தாக்குக்குக் கார் இல்லாமல் பலன் இல்லை, அதற்காகவே எடுங்கள். தானியங்கி கியர் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே குறிப்பிடுங்கள். நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் 'டெலிபாஸ்' என்று மஞ்சள் எழுத்து மட்டும் உள்ள பாதையில் நுழையாதீர்கள், அது நம் ஃபாஸ்டேக் மாதிரிக் கருவி பொருத்திய வண்டிகளுக்கு. தெருவோரம் வெள்ளைக் கோடு பொதுவாக இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் உங்களுக்கு இல்லை. டீசலுக்கு அங்கே 'கசோலியோ' என்று பெயர், பெட்ரோல் 'பென்சினா'.

கேள்வி: மே மாத விடுமுறையில் டோலமைட்ஸ் மலை?

மாதம் சரியில்லை. ஏப்ரல், மே மாதங்களில் பனிச்சறுக்கும் முடிந்திருக்கும், கோடைக்கான ரோப்கார்களில் பெரும்பாலானவை ஜூன் நடுவில்தான் ஓடத் தொடங்கும். மேலே பனி கிடக்கும், குடில்கள் பூட்டியிருக்கும். மே மாதம்தான் என்றால் கோமோ அல்லது கார்தா ஏரிப் பக்கம் போங்கள். மலைதான் வேண்டுமென்றால் செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகலில் இடி மழை வழக்கம், காலை 8 மணிக்கே ஏறிவிட வேண்டும்.

போல்சானோவில் தங்கினால் பஸ், ரயில் வசதி நல்லது. முதல் உலகப் போர் வரை இந்த மாகாணம் ஆஸ்திரியா, இன்றும் மாகாணத்தில் பாதிக்கு மேல் ஜெர்மன் பேசுபவர்கள். ஒரே ஊருக்கு இரண்டு, மூன்று பெயர் இருக்கும்: போல்சானோவும் போட்ஸெனும் ஒன்று, ஓர்த்திசெய்யும் சாங்ட் உல்ரிஷும் ஒன்று. பல விடுதிகள் தரும் விருந்தினர் அட்டை இருந்தால் பஸ், உள்ளூர் ரயில் இலவசம். முன்பதிவு செய்யும்போதே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி. வெனிஸும் சின்குவே தெர்ரேயும் தாங்குவார்களா?

வெனிஸ் தாங்கும், விடுதி சரியாக அமைந்தால். பாலம் ஒவ்வொன்றும் படிக்கட்டு. வாப்பொரெத்தோ படகுத் துறையிலிருந்து பாலம் ஏறாமல் போகக்கூடிய விடுதியாகப் பாருங்கள். வரைபடத்தில் வழியை நீங்களே தேடிச் சரிபாருங்கள், '200 மீட்டர்' என்ற விளம்பரத்தில் எத்தனை பாலம் என்று இருக்காது. 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ என்பதால் ஒரு நாளில் மூன்று முறை ஏறினாலே 24 மணி நேர அட்டை லாபம். அம்மாவை முதலாம் எண் படகில் உட்கார வைத்து பெரிய கால்வாய் முழுக்க ஒரு முறை போய்வாருங்கள். வசந்த, கோடை காலத்தின் குறிப்பிட்ட நாட்களில் பகலில் மட்டும் வந்து போகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு: முன்பே பதிந்தால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. ஊரில் இரவு தங்குகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனாலும் விலக்குச் சீட்டை இணையத்தில் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

சின்குவே தெர்ரேயின் ஐந்து கிராமங்களில் கொர்னீலியாவை விட்டுவிடுங்கள், ரயில் நிலையத்திலிருந்து ஊருக்கு 380 படி அளவு. சிற்றுந்து உண்டு, கூட்டத்தில் இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். மொந்தெரோஸோவும் வெர்னாட்ஸாவும் அம்மாவுக்குப் போதும். லா ஸ்பெசியாவில் தங்கி ரயிலில் போய்வாருங்கள். மலைப்பாதையில் நடக்கப்போகிறவர்கள் செருப்போடு கிளம்ப வேண்டாம், அதற்கும் அபராதம் உண்டு.

கேள்வி: கூட்டம் இல்லாத தெற்கு வேண்டும், கார் ஓட்ட மாட்டேன்.

புலியா. பாரியில் நான்கு இரவு, லெச்சேயில் இரண்டு. கடலோரத்துப் பொலிஞ்ஞானோவும் மொனோபொலியும் லெச்சே போகும் தடத்திலேயே இருக்கின்றன. கூம்புக் கூரை வீடுகளுள்ள அல்பெரோபெல்லோவும், பாறையைக் குடைந்த வீடுகளுள்ள மத்தேராவும் வேறு வேறு சிறு ரயில் நிறுவனங்களின் தடத்தில். மத்தேரா ரயில் பாரி பெரிய நிலையத்தை ஒட்டிய தனிக் கட்டடத்திலிருந்து கிளம்பும், ஞாயிற்றுக்கிழமை ஓடாது, அன்று பஸ்தான். ஆகவே இந்த இரண்டையும் வார நாட்களில் வையுங்கள். மத்தேராவில் ஓர் இரவு தங்க முடிந்தால் இன்னும் நல்லது, பகல் கூட்டம் கிளம்பிய பிறகுதான் அந்த ஊருக்கே முகம் வரும்.

கேள்வி: சிசிலிக்கு ஒரு வாரம் போதுமா? எட்னா ஏறணும்.

பலெர்மோவில் இறங்கி மூன்று இரவு, கத்தானியாவில் நான்கு இரவு தங்கி அங்கிருந்தே விமானம். இரண்டுக்கும் இடையே பஸ்ஸில் வாருங்கள், மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கத்தானியாவிலிருந்து எட்னாவின் ரிஃபூஜோ சப்பியென்ஸாவுக்குக் காலையில் ஒரே ஒரு பொதுப் பஸ், மாலையில் திரும்ப ஒன்று. தவறவிட்டால் டாக்சிதான். அந்த இடம் 1,900 மீட்டர் உயரம், ரோப்கார் 2,500 வரை ஏற்றிவிடும், உச்சிப் பள்ளங்களுக்கு வழிகாட்டியோடுதான் போகலாம். காற்று பலமானால் ரோப்காரை நிறுத்திவிடுவார்கள், அதனால் எட்னாவைக் கடைசி நாளில் வைக்காதீர்கள். கீழே வெயில் கொளுத்தினாலும் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். எரிமலை சாம்பல் கக்கும் நாட்களில் கத்தானியா விமான நிலையத்தையே மூடுவதுண்டு. ஆகஸ்ட் வேண்டாம்: 2021 ஆகஸ்டில் சிராகூஸா அருகே 48.8 டிகிரி பதிவானது, ஐரோப்பாவின் உச்சம் அதுதான்.

கேள்வி: எதற்கெல்லாம் முன்பதிவு கட்டாயம்?

மிலானில் டாவின்சியின் 'இறுதி விருந்து' ஓவியம் முதலில். ஒரு குழுவுக்கு 15 நிமிடம்தான் என்பதால் டிக்கெட் வெளியான உடனே தீரும். கொலோசியம் டிக்கெட் 30 நாள் முன்பு திறக்கும், பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே கொடுங்கள். பொம்பெய்யில் ஒரு நாளைக்கு 20,000 பேர் என்ற வரம்பு இருக்கிறது. அங்கே போக நேப்பிள்ஸிலிருந்து சொரெண்டோ தடத்தில் 'பொம்பெய் ஸ்காவி - வில்லா தெய் மிஸ்தேரி' என்ற நிறுத்தத்தில் இறங்குங்கள், வாசல் எதிரிலேயே. வெறும் 'பொம்பெய்' என்ற நிலையம் இன்றைய ஊருக்கானது. ஃப்ளோரன்ஸில் உஃபீட்ஸி, அக்கதேமியா அருங்காட்சியகங்கள் திங்களன்று மூடல். வாத்திகன் அருங்காட்சியகம் ஞாயிறு மூடல், மாதக் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறக்கும், வரிசையைப் பார்த்தால் காசு கொடுத்தே போகத் தோன்றும்.

கேள்வி: பிரான்ஸும் சேர்த்துப் போகிறோம். விசாவுக்கு எந்த நாட்டில் விண்ணப்பிப்பது?

அதிக இரவு தங்கும் நாட்டில். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டில். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ, காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு.

கேள்வி: ரயில் வேலைநிறுத்தம் வந்துவிட்டால்?

வரும். 'ஷோப்பெரோ' என்பது அங்கே நாட்காட்டியில் குறித்து, முன்கூட்டியே அறிவித்து நடப்பது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் அந்தச் சொல்லோடு தேதியைத் தேடுங்கள். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை உள்ளூர் ரயில்களில் குறிப்பிட்ட வண்டிகள் ஓடியே ஆக வேண்டும், பட்டியல் ரயில் நிறுவனத்தின் தளத்தில் இருக்கும். ஊர் மாறும் நாள் அப்படி அமைந்தால் காலை 7 மணி வண்டிக்குப் போய்விடுங்கள், 11 மணி வண்டியை நம்ப வேண்டாம்.