அரிசி டிரம்மில் கிடைத்த நகை யாருக்குச் சொந்தம்?

கேள்வி: ஐயா, எங்கள் அம்மா மூன்று மாதங்களுக்கு முன்பு பட்டர்வொர்த், பாகான் டாலாம் வீட்டில் காலமானார். அப்பா முன்பே தவறிவிட்டார். உயில் இல்லை. வீட்டைக் காலி செய்தபோது அரிசி டிரம்மின் அடியில் ஒரு மைலோ டின் கிடைத்தது. உள்ளே தாலிக்கொடி, வளையல்கள், கொஞ்சம் ரொக்கம், ஓர் அடகுச் சீட்டு, "வளையல் சின்னப் பேத்திக்கு" என்று அம்மா கைப்பட எழுதிய துண்டுக் காகிதம். "நகை மகளுக்குத்தானே, நீ வைத்துக்கொள், ரொக்கம் எனக்கு, அண்ணனிடம் சொல்லாதே" என்கிறான் தம்பி. அண்ணன் கோலாலம்பூரில் இருக்கிறார். அக்கா இறந்துவிட்டார், அவருக்குப் பள்ளி போகும் பிள்ளைகள் இருவர். லோரிக்காரரிடம் விற்ற பழைய அலமாரியிலும் பணம் இருந்ததோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் அண்ணனுக்குப் போன் போடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அம்மா நகை மகளுக்கு என்பது நம் வீட்டு வழக்கம். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1958ஆம் ஆண்டு பகிர்ந்தளிப்புச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆணும் பெண்ணும் சமம். உங்கள் பாட்டியோ தாத்தாவோ, அதாவது அம்மாவைப் பெற்றவர்கள், உயிரோடு இல்லை என்றால் நாலு பங்கு: அண்ணன், நீங்கள், தம்பி, அக்கா. அக்காவின் பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகும், அத்தானுக்கு அல்ல. தாயில்லாத அந்தப் பிள்ளைகளை உங்கள் தம்பி கணக்கிலேயே எடுக்கவில்லை. எனக்கு அதுதான் மனதை உறுத்துகிறது.

மறைத்து வைப்பது குடும்பத் தகராறோடு நிற்காது. இறந்தவர் வசமிருந்த பொருளை நேர்மையில்லாமல் எடுத்துக்கொள்வது குற்றவியல் சட்டம் 404ஆம் பிரிவின் கீழ் சிறைக்குரிய குற்றம். தம்பிக்கு இதைக் கோபப்படாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

டின்னில் இருந்ததை ஒவ்வொன்றாகத் துணியில் பரப்பிப் படம் எடுங்கள். ரொக்கத்தை இரண்டு பேர் முன்னால் எண்ணி எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நகையை ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடையில் நிறுத்து, எடையை எழுத்தில் வாங்குங்கள். விற்காதீர்கள், உருக்காதீர்கள். ஈமச்சடங்குச் செலவை அம்மாவின் பணத்திலிருந்து முதலில் கழிக்கலாம்; ரசீதுகள் இருக்கட்டும்.

ஒன்று மட்டும் காத்திருக்காது: அடகுச் சீட்டு. 1972ஆம் ஆண்டு அடகுக்காரர் சட்டப்படி மீட்க ஆறு மாதம். கூடுதல் காலத்துக்குப் பேசியிருந்தால் தவிர, அது கடந்தால் பொருள் கைவிட்டுப் போகலாம். இன்றே தேதியைப் பாருங்கள். நெருங்கிவிட்டது என்றால் யாராவது ஒருவர் பணம் கட்டி மீட்டு, பட்டியலில் சேர்த்துவிடுங்கள். கட்டிய தொகையை அம்மாவின் சொத்திலிருந்து பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

அந்தத் துண்டுக் காகிதம் உயில் ஆகாது. 1959ஆம் ஆண்டு உயில் சட்டம் கையெழுத்தையும், ஒரே நேரத்தில் உடனிருந்த இரண்டு சாட்சிகளையும் கேட்கிறது. ஆனாலும் கிழித்துப் போடாதீர்கள், அது அம்மாவின் ஆசை. அண்ணனும் நீங்களும் தம்பியும் உங்கள் பங்கிலிருந்து வளையலைச் சின்னவளுக்கு விட்டுக்கொடுக்கலாம். அக்காவின் பிள்ளைகள் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் என்பதால் அவர்களுக்காக யாரும் விட்டுக்கொடுக்க முடியாது. அவர்கள் பங்கைக் குறைக்காமல் கணக்குப் போடுங்கள்.

வீடு அம்மா பெயரில் இருந்து, சொத்தின் மொத்த மதிப்பு 50 லட்சம் வெள்ளிக்குள் என்றால், நீதிமன்றம் போகத் தேவையில்லை. நில அலுவலகத்தில் பூசாக்கா, அதாவது வாரிசுச் சொத்துப் பகிர்வு, விண்ணப்பம் செய்யலாம். 'போராங் ஆ' என்ற பாரம்தான். நகையும் ரொக்கமும் அதிலேயே வர வேண்டும். விசாரணைக்கு வாரிசுகள் எல்லோரையும் அழைப்பார்கள். அதிகாரி முன்னால் அண்ணன், "அம்மா தாலிக்கொடி எங்கே?" என்று கேட்டால் தம்பி என்ன பதில் சொல்வார்?

சரி, அலமாரி. அதை விற்றதால் உள்ளே இருந்த பணத்தையும் விற்றதாக ஆகாது. இங்கிலாந்தில் 1841இல் மெரி எதிர் கிரீன் வழக்கில், ஏலத்தில் வாங்கிய மேசையின் ரகசிய அறையில் கிடைத்த பணத்தைப் பற்றி இதே கேள்விதான் எழுந்தது; வாங்கியவருக்கு அது சொந்தமென்று நீதிமன்றம் ஏற்கவில்லை. லோரிக்காரர் உங்கள் வீட்டுக்கே வந்து எடுத்துப் போனவர், யாருடையது என்று அவருக்குத் தெரியும். நேரில் போய் மரியாதையாகக் கேளுங்கள். இழுப்பறைகளின் பின்பலகையையும் அவரோடு சேர்ந்து கழற்றிப் பாருங்கள். பணம் கிடைத்தும் தர மறுத்தால் மட்டும் போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள்.